போஸ்ட்கிரெஸ் சர்வருக்கு மிர்ரரிங் வேண்டுமா, ஏடிடிடிசி போதுமா? நினைவக அமைப்புகள் குறித்து ஆலோசனை தேவை

கிடங்குக்கணக்கு (கேள்வி):

வணக்கம். எங்கள் நிறுவனத்தின் கணக்குகளும் கிடங்கு இருப்பும் ஒரே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இயங்குகின்றன. அடுத்த மாதம் அதனைப் புதிய சர்வருக்கு மாற்ற இருக்கிறோம். வந்திருக்கும் இயந்திரத்தில் இரண்டு ஜியான் கோல்டு 6326 பிராசஸர்களும், பதினாறு 32 ஜிபி டிடிஆர்4-3200 இசிசி (பிழை திருத்தும்) மாட்யூல்களும் உள்ளன. ஆக மொத்தம் 512 ஜிபி. இயங்குதளம் லினக்ஸ். தரவுத்தளத்தின் அளவு ஏறத்தாழ 900 ஜிபி. பகல் வேளையில் முந்நூறு இணைப்புகள் வரை திறந்திருக்கும். ஒத்திசைவற்ற முறையில் இயங்கும் ரெப்ளிகா (நகல் சர்வர்) ஒன்று வேறொரு கட்டடத்தில் உண்டு.

பயாஸில் நினைவகப் பகுதியைத் திறந்தால் சாதாரண இசிசி, ரேங்க் ஸ்பேரிங், மிர்ரரிங், ஏடிடிடிசி (கெட்ட சிப்பை ஒதுக்கும் முறை) என்று நான்கு வழிகள் தெரிகின்றன. இவற்றுள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், அவற்றிலும் ஏடிடிடிசி மங்கிய எழுத்தில், தேர்ந்தெடுக்க இயலாதபடி இருக்கிறது. நிர்வாகம் "எது மிகப் பாதுகாப்போ அதை வையுங்கள்" என்கிறது. எனக்கோ மிர்ரரிங் வைத்தால் பாதி ரேம் போய்விடுமே என்ற தயக்கம். இவற்றோடு, நோட் இன்டர்லீவிங்கை இயக்க வேண்டுமா, வேகத்திற்காகப் பேட்ரோல் ஸ்க்ரப்பை நிறுத்திவிடலாமா, கையிருப்பில் உள்ள நான்கு 32 ஜிபி மாட்யூல்களையும் செருகி 640 ஜிபி ஆக்கலாமா என்ற ஐயங்களும் உள்ளன. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

பழையரேக்:

முதலில் எந்தப் பழுதுக்கு அஞ்சுகிறீர்கள் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்; அமைப்பு தானாக அதிலிருந்து வந்துவிடும். நினைவகப் பிழைகளில் திருத்தத்தக்கவை, திருத்த முடியாதவை என இரு வகை உண்டு. வழக்கமான இசிசி 64 பிட் தரவுக்கு 8 பிட் சரிபார்ப்பைச் சேர்த்து வைக்கிறது. அதைக்கொண்டு ஒரு பிட் மாறினால் திருத்திவிடலாம், இரண்டு பிட் மாறினால் கண்டுபிடிக்க மட்டுமே முடியும். திருத்த முடியாத பிழை கெர்னலின் (இயங்குதள மையத்தின்) நினைவகப் பக்கத்தில் விழுந்தால் இயந்திரமே நின்றுவிடும். பயனர் நிரலின் பக்கத்தில் விழுந்தால், இந்த வகை பிராசஸர்களில், லினக்ஸ் அந்த ஒரு புராசஸை மட்டும் கொன்றுவிட்டுத் தொடர முயலும். ஆனால் கொல்லப்பட்டது போஸ்ட்கிரெஸின் ஒரு பேக்எண்டாக (ஓர் இணைப்பைக் கவனிக்கும் புராசஸாக) இருந்தால், தலைமைப் புராசஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு, டபிள்யூஏஎல்லில் (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவில்) இருந்து மீட்பைத் தொடங்கும். உங்கள் முந்நூறு பேருக்கும் அது சில நிமிடத் தடங்கலாகத் தெரியும், தரவு போகாது.

இத்தகைய பிழைகள் எவ்வளவு அடிக்கடி வரும்? டொராண்டோ பல்கலைக்கழகமும் கூகுளும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் ஏறத்தாழ 8 விழுக்காடு மாட்யூல்களில் திருத்தத்தக்க பிழைகளும், 1.3 விழுக்காடு இயந்திரங்களில் திருத்த முடியாத பிழையும் பதிவாயின. அந்தக் காலத்து மாட்யூல்கள் வேறு, இன்றையவை வேறு; எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த ஆய்வு காட்டிய இன்னொன்று இன்றும் பயன்படுகிறது: பிழைகளில் பெரும்பகுதி எங்கிருந்தோ வந்த கதிர்வீச்சால் தற்செயலாக நேர்வதன்று, பழுதடைந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வருவது, திருத்தத்தக்க பிழை வந்த மாட்யூலில்தான் பின்னர் திருத்த முடியாத பிழை வரும் வாய்ப்பும் பலமடங்கு கூடுகிறது. ஆகவே முதல் எச்சரிக்கையைப் பார்த்து நடவடிக்கை எடுக்க ஆள் இருக்கிறாரா என்பது, பயாஸில் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைவிடப் பெரிய கேள்வி.

மிர்ரரிங் என்பது எழுதப்படும் ஒவ்வொரு தரவையும் இரண்டு சேனல்களில் (பிராசஸருக்கும் நினைவகத்துக்கும் இடையிலான தனிப் பாதைகளில்) எழுதுவது. ஒரு பிரதி கெட்டால் மற்றதிலிருந்து படிக்கும். மாட்யூல் முழுவதுமே செத்தாலும் சர்வர் நிற்காது. அதற்கு விலையாக 512 ஜிபி 256 ஜிபி ஆகும், எழுதும் அலைவரிசையும் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். 900 ஜிபி தரவுத்தளத்திற்கு 256 ஜிபி நினைவகம் இழப்பது என்றால், இதுவரை ரேமில் கிடைத்த பக்கங்களுக்காக நாள் முழுவதும் வட்டுக்குப் போய்வர வேண்டும். எப்போதோ ஒருமுறை வரக்கூடிய தடங்கலுக்காக ஒவ்வொரு நாளும் வரி கட்டுவது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. ரெப்ளிகா வேறு இருக்கிறது.

நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது ஏடிடிடிசி. பிழை வரும் வரை அதனால் சொல்லத்தக்க இழப்பு இல்லை. ஒரு டிராம் சிப் தொடர்ந்து பிழை காட்டினால், அந்த பேங்க் அல்லது ரேங்க் (மாட்யூலில் சேர்ந்து இயங்கும் சிப் தொகுதி) பகுதியை மட்டும் அதே சேனலின் வேறொரு பகுதியோடு இணைத்து, கெட்ட சிப்பைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும். அதன்பின் அந்தப் பகுதிக்கான அணுக்கம் மட்டும் மெதுவாகும். ரேங்க் ஸ்பேரிங்கை விட்டுவிடுங்கள். அது ஒரு ரேங்கையே சும்மா உட்கார வைக்கிறது; ஏடிடிடிசி வந்தபின் அதற்கு நான் காரணம் காணவில்லை.

இனி, ஏடிடிடிசி ஏன் மங்கித் தெரிகிறது? என் ஐயம் மாட்யூல்களின் மீது. அதற்கு 4 பிட் அகலமுள்ள சிப்கள் தேவை. உறையைத் திறந்து ஒரு மாட்யூலின் லேபிளைப் பாருங்கள்: 32 ஜிபி என்பதற்குப் பக்கத்தில் "2ஆர்எக்ஸ்4" என்று இருக்கிறதா, "2ஆர்எக்ஸ்8" என்று இருக்கிறதா? கடைசி எண்தான் சிப்பின் பிட் அகலம். கொள்ளளவு இரண்டிலும் ஒன்றே. முன்னதில் 8 ஜிகாபிட் சிப்கள் முப்பத்தாறு. பின்னதில் 16 ஜிகாபிட் சிப்கள் பதினெட்டு. விலைப்பட்டியலில் இந்த வேறுபாட்டை யாரும் பெரிதாக அச்சிடுவதில்லை.

பேட்ரோல் ஸ்க்ரப்பை நிறுத்தாதீர்கள். வழக்கமான அமைப்பில் அது 24 மணி நேரத்தில் நினைவகம் முழுவதையும் ஒருமுறை படித்துத் திருத்துகிறது. 512 ஜிபியை ஒரு நாளின் 86,400 விநாடிகளால் வகுத்துப் பாருங்கள்: விநாடிக்கு ஏறத்தாழ 6 எம்பி. உங்கள் ஒரு சாக்கெட்டின் எட்டு சேனல்களுக்கும் சேர்த்து ஏட்டளவில் விநாடிக்கு 204.8 ஜிபி அலைவரிசை உண்டு. இந்த 6 எம்பியை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம்? ஆனால் யாரும் தொடாத பக்கத்தில் ஒரு பிட் கெட்டுக் கிடந்து, அதே சொல்லில் இரண்டாவது பிட்டும் கெடும் வரை காத்திருக்காமல் தடுப்பது இந்த ஸ்க்ரப்தான். ஓர் எச்சரிக்கை: சில பயாஸ்களில் "குறைந்த தாமதம்" என்ற ஆயத்தத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தால் அதுவே ஸ்க்ரப்பை நிறுத்திவிடும். தொகுப்பைத் தேர்ந்த பின்னர் ஒவ்வொரு வரியையும் மறுபடி பார்த்துவிடுங்கள்.

இரவுப்பணி:

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். மிர்ரரிங்கை இவ்வளவு எளிதாகத் தள்ளியதை மட்டும் ஏற்க இயலவில்லை. கேள்வி கேட்டவரின் ரெப்ளிகா ஒத்திசைவற்றது. முதன்மைச் சர்வர் நின்று மறுபடி எழும் வரை காத்திருக்காமல் ரெப்ளிகாவுக்குத் தாவினால், கடைசிச் சில பரிவர்த்தனைகள் அங்கு வந்து சேராமலே போயிருக்கக்கூடும். கணக்குப் புத்தகத்தில் இரண்டு ரசீதுகள் காணாமற்போவது நிர்வாகத்திற்குச் சில நிமிடத் தடங்கலைவிடப் பெரிய செய்தி.

முழு மிர்ரரிங்குக்கும் வெறும் இசிசிக்கும் நடுவே பகுதி மிர்ரரிங் என்று ஒன்றும் உண்டு. சர்வர் அதற்கு இடம்கொடுத்தால், நினைவகத்தின் ஒரு பகுதியை மட்டும் இரட்டிப்பாக்கி, லினக்ஸைத் துவக்கும்போது "கெர்னல்கோர்=மிர்ரர்" என்ற அளபுருவைக் கொடுத்தால், கெர்னல் தன் சொந்தப் பக்கங்களை அந்தப் பகுதியிலேயே வைத்துக்கொள்ளும். இயந்திரம் முழுவதும் நிற்கும் வகைப் பிழைகளில் பெரும்பகுதி இதனால் அடைபடும். இழப்பதோ சில பத்து ஜிபி. எவ்வளவு இரட்டிப்பாக வேண்டும் என்பதை இஎஃப்ஐபூட்மேனேஜர் கட்டளை வழியாகவும் சொல்ல முடியும்.

அட்டவணைப்பிரியன்:

நான் தரவுத்தளப் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

இரவுப்பணி சொன்ன ரசீது இழப்புக்கு மருந்து பயாஸில் இல்லை. ஒத்திசைவான ரெப்ளிகேஷனில்தான் இருக்கிறது. பவர் சப்ளையோ மதர்போர்டோ போனாலும் அதே ரசீதுகள்தாம் போகும். அப்போது மிர்ரரிங் என்ன செய்யும்? பகுதி மிர்ரரிங் யோசனை நல்லது, ஆயினும் அதனை உங்கள் சர்வரில் சோதித்துப் பார்த்த பின்பே நம்புங்கள்.

நினைவகப் பிழைக்கு "செக்சம் (பக்கம் கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) இருக்கிறதே" என்று சமாதானம் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். போஸ்ட்கிரெஸ் 18இலிருந்து தரவுச் செக்சம் இயல்பாகவே இயங்குகிறது, மகிழ்ச்சி. ஆனால் செக்சம் கணக்கிடப்படுவது பக்கம் நினைவகத்திலிருந்து வெளியே எழுதப்படும் தருணத்தில். அதற்கு முன்பே ஷேர்டு பஃபரில் (போஸ்ட்கிரெஸ் பக்கங்களை ரேமில் வைக்கும் பொது இடத்தில்) ஒரு பிட் மாறியிருந்தால், கெட்ட பக்கத்திற்கு மிகச் சரியான செக்சம் எழுதப்படும். முழுப்பக்கப் பதிவாக டபிள்யூஏஎல்லில் ஏறி ரெப்ளிகாவுக்கும் அது போய்ச் சேரக்கூடும். வட்டைக் காக்கும் ஏற்பாடு ரேமைக் காக்காது. இசிசியின் வேலையை இசிசிதான் செய்ய வேண்டும்.

நோட் இன்டர்லீவிங்கை இயக்க வேண்டாம். அதை இயக்கினால் இரண்டு சாக்கெட்டுகளின் நினைவகமும் ஒன்றாகக் கலக்கப்பட்டு, இயங்குதளத்திற்கு நியூமா அமைப்பே (எந்த நினைவகம் எந்தச் சாக்கெட்டுக்கு, அதாவது நோடுக்கு, அருகில் என்பதே) தெரியாமற்போகும். தரவுத்தளத்தின் பஃபரைப் பரப்புவதற்காகத்தான் பலர் இதைச் செய்கிறார்கள்; அதையே போஸ்ட்கிரெஸுக்கு மட்டும், நியூமா-கண்ட்ரோல் கட்டளையின் "இன்டர்லீவ்=ஆல்" தெரிவோடு துவக்கிச் செய்துகொள்ளலாம். அப்போது பேக்எண்டுகளின் தனி நினைவகம் உட்பட அந்தச் சேவை முழுவதும் பரவும் என்பது உண்மை. ஆயினும் கெர்னலும் பேக்கப் போன்ற மற்ற நிரல்களும் உள்ளூர் நினைவகத்திலேயே இருக்கும். கெர்னலின் தானியங்கி நியூமா சமன்படுத்தலை நிறுத்திவிட்டால் தாமத ஏற்ற இறக்கம் குறைவதைக் கண்டிருக்கிறேன். பதிப்பு 18இல் எந்தப் பஃபர் எந்த நோடில் இருக்கிறது என்று காட்டும் வியூக்களும் வந்துவிட்டன, ஊகிக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு மிகப் பெரிய பலன் தரப்போவது ஹியூஜ் பேஜஸ் (நினைவகத்தை 4 கேபிக்குப் பதில் 2 எம்பி பக்கங்களாக ஒதுக்குவது) என்பதே என் கணிப்பு. ஷேர்டு பஃபரை 128 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். 4 கேபி பக்கங்களில் அது 3 கோடியே 35 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்க அட்டவணையில் (எந்தப் பக்கம் ரேமில் எங்கே என்ற பட்டியலில்) 8 பைட். ஒரு பேக்எண்ட் காலப்போக்கில் பஃபர் முழுவதையும் தொட்டுவிட்டால், அந்த ஒன்றின் அட்டவணையே 256 எம்பி ஆகும். ஒவ்வொரு புராசஸும் தனக்கென ஓர் அட்டவணை வைத்திருப்பதால், முந்நூறு இணைப்புகளுக்கு மோசமான நிலையில் 75 ஜிபி வெறும் அட்டவணைக்கே போய்விடும். 2 எம்பி பக்கங்களில் அதே அட்டவணை இணைப்புக்கு 512 கேபி. கையிருப்பிலுள்ள நான்கு மாட்யூல்களால் கிடைக்கப்போவதில் பாதிக்கும் மேலே இங்கேயே கிடைத்துவிடுகிறது! எத்தனை பக்கங்கள் ஒதுக்க வேண்டும் என்பதைப் பதிப்பு 15 முதல் போஸ்ட்கிரெஸே கணக்கிட்டுச் சொல்கிறது. அமைப்புக் கோப்பில் "ட்ரை" என்று விடாமல் "ஆன்" என்று எழுதுங்கள். ஒதுக்கீடு போதாவிட்டால் தரவுத்தளம் துவங்க மறுக்கும், அதுவே நல்லது. "ட்ரை" என்றால் ஓசையின்றிச் சிறிய பக்கங்களுக்கு இறங்கிவிடும்.

அந்த நான்கு மாட்யூல்களை அலமாரியிலேயே விடுங்கள். இப்போது சாக்கெட்டுக்கு எட்டு சேனல், சேனலுக்கு ஒரு மாட்யூல் என்று அழகாக நிற்கிறது. சாக்கெட்டுக்குப் பத்து என்றாக்கினால் எட்டு சேனல்களிலும் சமமாகப் பரவுவது குலைந்து, நினைவகத்தின் ஒரு பகுதி குறைந்த சேனல்களிலிருந்தே படிக்கப்படும். எந்தத் தரவு அந்த மெதுவான பகுதியில் விழுகிறது என்பது உங்கள் கையில் இல்லை. தயாரிப்பாளர்களின் பரிந்துரைப் பட்டியலில் 8, 12, 16 என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ரேம் போதாவிட்டால் ஒரே வகையில் பதினாறு 64 ஜிபி மாட்யூல்களுக்கு மாறுங்கள்.

கிடங்குக்கணக்கு:

அனைவருக்கும் நன்றி. பழையரேக் சொன்னபடி உறையைத் திறந்து பார்த்தேன்: பதினாறு மாட்யூல்களிலும் "2ஆர்எக்ஸ்8" என்றே அச்சிடப்பட்டிருக்கிறது. கையிருப்பில் உள்ள நான்கோ "2ஆர்எக்ஸ்4". விற்பனையாளரிடம் கேட்டால் "இரண்டும் 32 ஜிபி, இரண்டும் இசிசி, வேறுபாடு ஒன்றும் இல்லை" என்கிறார். இந்நிலையில் என்ன செய்வது? டிடிஆர்5 சர்வராக வாங்கியிருந்தால் சிப்புக்குள்ளேயே இசிசி இருப்பதால் இந்தக் கவலையே வந்திருக்காது என்று அலுவலக நண்பர் ஒருவர் சொல்கிறார், அதுவும் சரிதானா?

பழையரேக்:

வேறுபாடு இல்லை என்று சொன்னவரிடம் ஒரு சிப் முழுவதும் செத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். 4 பிட் சிப்களாக இருந்தால் ஒரு சிப்பின் முழு இழப்பையும் இந்த பிராசஸர் திருத்திவிடும். 8 பிட் சிப் முழுவதும் போனால் ஒரே அணுக்கத்தில் எட்டு பிட்கள் கெடுகின்றன. இருக்கின்ற சரிபார்ப்பு பிட்களைக்கொண்டு அதைத் திருத்த முடியாது, இயந்திரம் நிற்கும். ஏடிடிடிசி மங்கியதும் இதனால்தான்.

எனவே முதல் வழி, நிறுவுவதற்கு முன்பே பதினாறையும் 2ஆர்எக்ஸ்4க்கு மாற்றித் தரச் சொல்வது. கொள்முதல் ஆணையில் சர்வரின் நினைவகப் பாதுகாப்பு முறைகள் குறிப்பிடப்பட்டிருந்தால் அதையே காரணமாகக் காட்டலாம். கையிருப்பில் உள்ள நான்கை இவற்றோடு கலந்து போட வேண்டாம். பல சர்வர்கள் இரு வகையும் கலந்திருப்பதை ஏற்பதே இல்லை. மாற்றித்தர மறுத்தால், என் முந்தைய கருத்தை உங்கள் சூழலுக்குத் திருத்திக்கொள்கிறேன்: 8 பிட் சிப்களோடு சிப் இழப்பைத் தாங்க மிர்ரரிங்கைவிட வேறு வழி இல்லை. அப்போது 256 ஜிபி போதுமா, ரெப்ளிகாவை நம்பி வெறும் இசிசியில் ஓட்டலாமா என்பதை நிர்வாகத்தின் முன் வைத்து எழுத்தில் முடிவு வாங்குங்கள்.

டிடிஆர்5 பற்றி உங்கள் நண்பர் சொன்னது பலரும் சொல்வது, பாதிதான் சரி. சிப்புக்குள் இருக்கும் இசிசி 128 பிட்டுக்கு 8 பிட் என்ற கணக்கில் அந்தச் சிப்பின் உள்ளேயே ஒற்றைப் பிட் பிழைகளைத் திருத்துகிறது. சிப்பிலிருந்து பிராசஸர் வரையுள்ள பாதையை அது காப்பதில்லை. திருத்திய செய்தி ஒவ்வொன்றையும் இயங்குதளத்திற்கும் தெரிவிப்பதில்லை. அதனால்தான் சர்வருக்கான டிடிஆர்5 மாட்யூல்களிலும் தனி இசிசி சிப்கள் இருக்கின்றன. அங்கும் லேபிளைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

இனிக் கண்காணிப்பு. ராஸ்டீமனை (லினக்ஸில் வன்பொருள் பிழைகளைப் பதிவாக்கும் நிரலை) நிறுவி, எந்த மாட்யூலில் எத்தனை பிழை என்பதை அன்றாடம் பதிவாக்குங்கள். ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்தில் 50 திருத்தத்தக்க பிழைகள் வந்தால் அந்தப் பக்கத்தைப் பயன்பாட்டிலிருந்து விலக்கும் வசதியும் அதில் உண்டு. ஆனால் அதில் சுழியம் காட்டுகிறது என்று நிம்மதியடைய வேண்டாம். பல சர்வர்களில் பிழையை முதலில் ஃபர்ம்வேரே எடுத்துக்கொள்ளும். வரம்பைத் தாண்டிய பின்புதான் செய்தி வெளியே வரும், அதுவும் இயங்குதளத்திற்கு வராமல் பிஎம்சியின் (சர்வரைத் தனியே கண்காணிக்கும் சிப்பின்) நிகழ்வுப் பதிவுக்கு மட்டும் போகலாம். இரண்டு இடங்களையும் பாருங்கள்.

பிழை காட்டிய மாட்யூலை உடனே கழற்றாமல், ரெப்ளிகாவுக்கு மாறிக்கொண்டு சர்வரை ஒருமுறை மறுதுவக்கம் செய்யுங்கள். டிடிஆர்4 முதல் சிப்களுக்குள் உபரி வரிசைகள் உண்டு. போஸ்ட் பேக்கேஜ் ரிப்பேர் என்ற முறையில் பல பயாஸ்கள் துவக்கத்தின்போது கெட்ட வரிசைக்கு உபரியை நிரந்தரமாக மாற்றிவிடும். அதன் பின்னும் அதே மாட்யூல் பிழை காட்டினால் மாற்றுங்கள்.

இரவுப்பணி:

எச்சரிக்கை உண்மையில் கைப்பேசிக்கு வந்து சேர்கிறதா என்பதைத் தரவுத்தளத்தை ஏற்றுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். பயாஸ் அனுமதித்தால் ஏசிபிஐயின் ஐஞ்ச் வசதியால் திருத்தத்தக்க பிழை ஒன்றைச் செயற்கையாக உண்டாக்கலாம். மாட்யூல்கள் மாற்றி வந்தபின் இதைச் செய்யுங்கள். அப்போது ஸ்லாட் பெயர்களும் பதிவில் சரியாக வருகின்றனவா என்பதும் தெரிந்துவிடும். தவறான ஸ்லாட்டைக் காட்டும் பதிவை நம்பி நல்ல மாட்யூலைக் கழற்றியவர்கள் உண்டு.

கிடங்குக்கணக்கு:

விற்பனையாளர் 2ஆர்எக்ஸ்4க்கு மாற்றித்தர ஒப்புக்கொண்டுவிட்டார். விலை வேறுபாட்டை மட்டும் நாங்கள் ஏற்கிறோம். அவை வந்ததும் ஏடிடிடிசி, பேட்ரோல் ஸ்க்ரப் 24 மணி, நோட் இன்டர்லீவிங் நிறுத்தம் என்று அமைத்து, 128 ஜிபி ஷேர்டு பஃபருக்கு ஹியூஜ் பேஜஸ் ஒதுக்க இருக்கிறேன். ஒதுக்கீட்டை இரண்டு நோடுகளிலும் சமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டுமா?

அட்டவணைப்பிரியன்:

துவக்க அளபுருவில் எண்ணிக்கையை மட்டும் கொடுத்தால் கெர்னல் தானாகவே இரண்டு நோடுகளுக்கும் பகிர்ந்துவிடும். பின்னர் ஒவ்வொரு நோடின் கணக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நினைவகம் துண்டுதுண்டான பிறகு, இயங்கும் சர்வரில் ஒதுக்க முயன்றால்தான் ஒரு நோடில் குறையும்.